மஞ்சள் வண்டிக்குச் சொன்ன விலை

மாதக் கடைசிக்குள் கொட்டகையைக் காலி பண்ணித் தர வேண்டும் என்று சீட்டம்மா கேட்டபோது மெக்கானிக் சரி என்று தலையாட்டினான். அவன் எதற்கும் சரி என்றுதான் சொல்வான். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் மாட்டேன் என்று அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. சரி என்று சொன்னதைச் செய்து முடித்தும் அதிகம் பார்த்ததில்லை.

கொட்டகையில் நின்றது ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாக இருக்கும். ஏறுவதற்குக் குனிய வேண்டும், இறங்குவதற்குக் கை கொடுக்க ஆள் வேண்டும். மேலே துணிக் கூரை, வேண்டாமென்றால் பின்னால் மடித்துவிடலாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூக்கு நசுங்கி, உள்ளே எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த நிலையில், பழைய இரும்புக் கடையிலிருந்து அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். ஆறு நாள் லாரிப் பட்டறையில் வேலை பார்ப்பான், ஏழாம் நாள் இதற்கு அடியில் படுத்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை யாராவது தேடி வந்தால் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்களோடுதான் பேச வேண்டும். சீட்டம்மாவும் குடும்ப விஷயங்கள் பலவற்றை அந்தப் பாதங்களோடுதான் பேசி முடித்திருக்கிறாள்.

அவள் கார், வேன் சீட்களுக்கு உறை தைப்பவள். கிழிந்த சீட்டைப் பிரித்து, ஃபோம் மாற்றி, ரெக்சின் வெட்டித் தைத்து, சுருக்கமில்லாமல் இழுத்துப் பூட்டிக் கொடுப்பாள். தெருவில் அதனால்தான் சீட்டம்மா. தொழில் நடப்பது வீட்டு முன்னறையில். ஜன்னலோரம் மிஷின், சுவரோரம் ரெக்சின் சுருள்கள், கட்டில்மேல் ஃபோம் பாளங்கள். படுக்கும்போது கட்டிலில் இருப்பதைத் தரைக்கு இறக்க வேண்டும், எழுந்ததும் தரையில் இருப்பதைக் கட்டிலுக்கு ஏற்ற வேண்டும். வெட்டிய ஃபோமின் தூள் டீயில் மிதக்கும். அதை விரலால் ஓரம் தள்ளிவிட்டுக் குடிக்க இருவரும் பழகிவிட்டார்கள்.

அந்த மாத ஆரம்பத்தில் ஒரு வேன் கம்பெனி மேனேஜர் அவள் தைத்த சீட் ஒன்றை எங்கோ பார்த்துவிட்டு விசாரித்துக்கொண்டு வந்தார். நாலு வேன், எண்பது சீட். முன்னறைக்குள் கால் வைக்க இடம் தேடி, வாசல்படியிலேயே நின்றுகொண்டார்.

"வேலை சுத்தமா இருக்கும்மா. ஆனா எண்பது சீட்ட எங்க வெச்சுத் தைப்பீங்க? கட்டில்லயா?"

அவள் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கொட்டகையைக் காட்டினாள்.

"ஒண்ணாம் தேதி மறுபடி வர்றேன். எடம் காலியா இருக்கணும், இன்னொரு மிஷின் போட்டிருக்கணும். இருந்தா வேலை உங்களுக்கு. இல்லேன்னா வேற ரெண்டு பேர் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார்.

இந்த மாதிரி வேலை அவளுக்கு அதுவரை வந்ததில்லை. இனியும் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. ஒற்றைச் சீட், ஓரக் கிழிசல், ஒட்டுப் போடுவது என்று இன்னும் பத்து வருஷத்தை ஓட்ட அவளுக்கு மனசில்லை. வண்டி போனால் கொட்டகையும் கிடைக்கும், மிஷினுக்கும் ஆகும். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னாள். "வித்துடலாம்" என்றான் மெக்கானிக், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். இவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் அவளுக்கு உதைத்தது.

விலை சொல்ல அவளுடைய தம்பியை வரச்சொன்னார்கள். அவன் பழைய கார் புரோக்கர். பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போன ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான், கதவைத் திறந்து மூடினான், மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான்.

"மாமா, நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. இதே மாடல், இதே வருஷம், போன மாசம் ஒண்ணு ஆறு லட்சத்துக்குப் போச்சு. நம்மது அதவிட சுத்தம். ஆறரை கிடைக்கும். ஏழுன்னு கேளுங்க."

"ஏழா?"

"கேக்கற விலைக்குன்னு ஒரு அளவு இருக்கு மாமா. ஏழுக்கு மேல போட்டா போனே வராது. அஞ்சுன்னு போட்டா போன் வரும், ஆனா 'என்ன கோளாறு, எங்கயாவது தண்ணில முழுகின வண்டியா'ன்னு கேட்டுக்கிட்டே வரும். ஏழுன்னு சொன்னாத்தான் வர்றவன் ஒரு அரையைக் குறைச்சிட்டு, ஜெயிச்சிட்டோம்னு நினைச்சுக்கிட்டு ஓட்டிட்டுப் போவான்."

மெக்கானிக் உள்ளே போய் ஒரு நீள நோட்டோடு வந்தான். ஒன்பது வருஷத்துச் செலவும் அதில் இருந்தது. கியர் பாக்ஸ், கிளட்ச் பிளேட், ரேடியேட்டர், பெயின்ட். போல்ட், நட், வாஷர்கூட விடுபடவில்லை. அதற்கு மேல் நானூற்றுப் பத்து ஞாயிற்றுக்கிழமைகள், பட்டறைக் கூலிக் கணக்கில், ஓவர்டைம் இல்லாமல். கடைசியில் கோடு போட்டுக் கூட்டியிருந்தான். பதினொன்றே முக்கால் லட்சம்.

"மாமா, வாங்கறவன் உங்க ஞாயித்துக்கிழமையை எல்லாம் வாங்க வரலையே! வண்டிய வாங்கத்தானே வர்றான்" என்றான் புரோக்கர், பாவமாக.

"நியாயமான விலைன்னா என்னடா அர்த்தம்? போட்டது திரும்பி வரணும். அவ்வளவுதான். லாபம் ஒண்ணும் வெக்கலையே நான்."

சீட்டம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். பக்கம் திருப்பினாள். கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"சீட் எங்க?"

"எந்த சீட்?"

"வண்டியில இருக்கற சீட். மேல இருக்கற கூரை."

"ஏன், ரெக்சின் வாங்கினது எழுதியிருக்கே. கேன்வாஸும் இருக்கு பாரு, ஏழாம் பக்கத்துல."

"துணி இருக்கு. தைச்சது?"

மெக்கானிக் நிஜமாகவே புரியாமல் பார்த்தான். "அது நீ தைச்சதுதானே?" என்றான்.

அவன் மறைக்கவில்லை, ஏமாற்றவும் இல்லை. வாஷரைக்கூட மறக்காத மனுஷனுக்கு அது ஒரு கணக்கில் வரும் சமாச்சாரம் என்றே தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. மறைத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

அந்தக் கூரைக்கு மட்டும் நாற்பத்தோரு நாள் பிடித்தது. பழைய கூரையை எலி தின்றுவிட்டதால் அளவெடுக்க ஒன்றும் இல்லை. செய்தித்தாளை ஒட்டி, வண்டிமேல் போர்த்தி, சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டி, மறுபடி போர்த்தி, இப்படி ஆறு தடவை. பிறகு மூன்று மடிப்புக் கேன்வாஸ். சாதாரணத் தையல் போட்டால் ஊசி குத்திய ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். அதனால் ஓரத்தை உள்ளுக்குள் உள்ளாக மடித்து, நூலை மெழுகில் இழுத்து, இரட்டைத் தையல் போட்டாள். மெழுகு நூல் மிஷினில் சிக்கிக்கொண்டே இருக்கும். பின்கண்ணாடியைச் சுற்றி வரும் வளைவு மிஷினுக்கு அடங்கவில்லை. அதைக் கையால் தைத்தாள். கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் விழுந்து புதிதாக முளைத்தது. வாடிக்கையாளர் வேலையெல்லாம் முடித்த பிறகு மிச்சமிருந்த நேரத்தில் செய்தது. அவளுக்கும் அந்த வண்டி பிடித்துத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

"அக்கா, உன்னோடதையும் சேத்தா பன்னெண்டரை ஆயிடும். அந்த விலைக்குக் கப்பல்தான் வாங்கணும்" என்றான் தம்பி.

"ஏழுன்னே போடு" என்று சொல்லி நோட்டை மூடிக் கொடுத்தாள்.

விளம்பரம் போட்டு மூன்றாம் நாளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெயில் கொளுத்தும் மாதம். காற்றடித்தால் தெருப்புழுதி முழுக்க வீட்டுக்குள் வரும். முதலில் வந்தவர் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர். வண்டி முன்னால் ஜோடிகளை நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். அவருக்கு எஞ்சின் ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். சுலபமாக முடிய வேண்டிய வியாபாரம். முன்னறையில் தைத்துக்கொண்டே சீட்டம்மா பேச்சைக் கேட்டாள்.

"நல்ல வண்டிங்க. ஆனா காலையில மூணாவது கியர் உறுமும். சூடானாத்தான் சரியாகும்" என்றான் மெக்கானிக்.

"பரவால்லீங்க."

"இந்தக் கதவுக்குக் கீழ பாருங்க. குனிஞ்சு பாருங்க. இன்னும் குனியுங்க. துரு தெரியுதா? நான் வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெச்சிருக்கேன். ஆனா துருங்கறது வியாதி மாதிரி. எங்க உக்காந்திருக்குன்னு சொல்ல முடியாது."

"ஓகோ."

"மூக்கு ஒரு தடவை நசுங்கின வண்டி. நேர் பண்ணிட்டேன். இருந்தாலும் நசுங்கினது நசுங்கினதுதானே."

ஸ்டூடியோக்காரர் வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த புருஷன் பெண்டாட்டிக்கும் இதே பூசை. அந்த அம்மாள் துருவைப் பார்க்கக் குனிந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதோடு அவர்களும் போனார்கள். சீட்டம்மா மிஷினை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் வந்தாள்.

"விக்கணும்னு நினைப்பு இருக்கா இல்லையா?"

"இருக்கே. காட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"வியாதி, நசுங்கினது, உறுமும். வண்டி விக்கறீங்களா, துக்கம் விசாரிக்கறீங்களா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

அங்கேதான் அவன் அவளை மடக்கினான். சொன்னதில் ஒரு சொல் பொய் கிடையாது.

"உண்மையையே சொல்லுங்க. எல்லா உண்மையையும் மொத ரெண்டு நிமிஷத்துலயே சொல்லணும்னு எந்த சட்டத்துல இருக்கு? ஒண்ணாம் தேதிக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

இருக்கட்டும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பி ஒரு பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஐம்பதை ஒட்டிய பெண். வெட்டிய நரைமுடி, சட்டைப்பையில் சின்ன டார்ச். வணக்கம் சொல்லிவிட்டு நேராக வண்டிக்குப் போய், பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்களாம், இனிமேல் பின்சீட்டுக்கு அவசியமில்லையாம்.

"மூணாவது கியர்..." என்று ஆரம்பித்தான் மெக்கானிக்.

"உறுமுமா? உறுமட்டும். நானும் காலையில காபி குடிக்கற வரைக்கும் அப்படித்தான்."

"கதவுக்குக் கீழ துரு..."

டாக்டர் தரையில் ஒரு காகிதத்தை விரித்து, படுத்தே பார்த்துவிட்டார். "நல்லா அடைச்சிருக்கீங்க. நாங்க பண்றதும் இதேதான். சொத்தையை வழிச்செடுத்துட்டு அடைக்கறது. தொழில் தெரிஞ்ச கை" என்றார். மெக்கானிக்கின் முகத்தில் சந்தோஷம் வந்ததைச் சீட்டம்மா கவனித்தாள். கூடவே ஒரு கலவரமும் வந்தது.

டாக்டர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். தெருக்கோடி வரை போய், அதற்கு அப்பாலும் போய், கால்மணி நேரம் கழித்து முடியெல்லாம் கலைந்து சிரித்த முகமாகத் திரும்பி வந்தார். கூரையைத் தன் கையாலேயே இழுத்துப் பூட்டினார். புரோக்கர் தம்பி அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான். அப்போதுதான் மெக்கானிக் சொன்னான்.

"கூரை ஒழுகும்."

சீட்டம்மா ஃபோம் வெட்டும் கத்தியோடு கதவோரம் நின்றிருந்தாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"அது... இடது பக்கம். பின்கண்ணாடி ஓரமா."

"எப்ப ஒழுகிச்சு?"

"ஒழுகிச்சுன்னு இல்ல. இன்னும் மழையிலயே எடுக்கலையே. ஒழுகலாம்னு சொன்னேன். துணிதானே."

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் கத்தியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"விலை போடும்போது என் தையல் உங்க கண்ணுல படலை. வாஷர் பட்டுச்சு, என் தையல் படலை. சரி, போகட்டும்னு விட்டேன். குறை சொல்லும்போது மட்டும் அது எப்படிங்க கண்ணுல படுது?"

மெக்கானிக் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"உள்ள ஏறுங்க" என்றாள் சீட்டம்மா.

"எதுக்கு?"

"ஏறி உக்காருங்க. கண்ணாடியை ஏத்திக்கோங்க. நான் சொல்ற வரைக்கும் இறங்க வேணாம்."

அவன் ஏறி உட்கார்ந்தான். தோட்டத்துக் குழாயில் மாட்டியிருந்த ரப்பர் டியூபை அவள் இழுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, வேணாம்க்கா" என்று தம்பி முனகினான். "நீ போய்க் குழாயைத் திற" என்றாள். திறந்தான். அவள் டியூபின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடி, கூரைமேல் பாய்ச்சினாள். முதலில் நடுவில், பிறகு வலது ஓரம், பிறகு இடது. பின்கண்ணாடியைச் சுற்றி, கையால் தைத்த வளைவு முழுக்க, இரண்டு சாண் தூரத்தில் நின்று அடித்தாள். கேன்வாஸில் தண்ணீர் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்று டாக்டர் சத்தமாகக் கேட்டார்.

"பத்து நிமிஷம்."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். சட்டை நனையாத தூரத்தில் வந்து நின்று, "ஆறுன்னா இன்னிக்கே எடுத்துக்கறேன்" என்றார்.

"ஏழு கேட்டிருக்கோம்."

"துரு, கியர், நசுங்கின மூக்கு. அவரே சொன்னாரே."

"அவர் சொன்னதெல்லாம் நிஜம். அதுக்கு ஒரு அரை கழிச்சுக்கோங்க. ஆறரை. கூரைக்குன்னு ஒரு காசு கழிக்க விடமாட்டேன்."

"ஒழுகினா?"

சீட்டம்மா டியூபை மாற்றுக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். "ஒழுகினா அஞ்சுக்கே எடுத்துட்டுப் போங்க."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, மாமா உள்ள இருக்கார். ஒழுகிச்சா இல்லையான்னு அவர்தானே சொல்லணும்" என்றான் அவள் காதருகே வந்து.

அது அவளுக்கும் தெரியாமல் இல்லை. கோபத்தில் பாதி விஷயம் வாயிலிருந்து வந்த பிறகுதான் மிச்சப் பாதி புத்திக்கு எட்டுகிறது. அஞ்சுக்குப் போனாலும் கொட்டகை காலியாகும், மிஷின் வாங்கலாம். நஷ்டம் தாங்க முடியாததல்ல. ஆனால் ஒழுகும் கூரை தைத்தவள் என்று பெயராகிவிடும். அவளுடைய தம்பி ஒரு புரோக்கர். அவன் வாயில் எதுவும் தங்காது. எண்பது சீட் கொடுக்க வரும் மேனேஜர் காதுக்கு அது போக ஒரு வாரம் போதும். சொல்லியாகிவிட்டது. அவள் தொடர்ந்து தண்ணீர் அடித்தாள்.

கண்ணாடி வழியாக உள்ளே இருப்பவன் தெளிவாகத் தெரியவில்லை. முதலில் இவர்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் அசைவதைப் பார்த்து என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தான் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதை விட்டுவிட்டான். கையைத் தூக்கிக் கூரையின் உட்பக்கம் தடவினான். தையலோடு விரலை வைத்து, மெதுவாக, முன்னாலிருந்து பின்னால் வரை நகர்த்திக்கொண்டு போனான். வளைவு வந்த இடத்தில் உடம்பைத் திருப்பி மண்டியிட்டு உட்கார்ந்து, அங்கேயே நெடுநேரம் இருந்தான். அப்புறம் கண்ணாடியில் ஆவி படர்ந்து அவனையே மறைத்துவிட்டது.

பத்து நிமிஷம் ஆனதும் டாக்டர் கையைக் காட்டினார். தம்பி குழாயை மூடினான். கூரையிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து, மஞ்சள் கதவுகளில் இறங்கி, கொட்டகை வாசலில் குட்டையாகத் தேங்கியது. கதவைத் திறந்துகொண்டு மெக்கானிக் வெளியே வந்தான்.

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முதுகு, கழுத்து, கை எல்லாம். தலையிலிருந்து நெற்றியில் சொட்டிக்கொண்டிருந்தது. சீட்டம்மாவின் கண் உடனே கூரைக்குப் போனது. டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வண்டிக்குள் குனிந்து கண்ணாடியின் உட்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலைத் திருப்பிக் காட்டினார். ஈரம்.

"உள்ளயும் தண்ணி இருக்கே. ஒழுகிச்சா?" என்று அவனிடம் கேட்டார்.

வெளியே பேசிய ஐந்தும் ஆறரையும் அவன் காதில் விழவில்லை. ஒழுகியது என்றால் இந்த அம்மாள் போய்விடுவார், வண்டி நிற்கும் என்பது மட்டும் தெரியும். தலையாட்டினால் போதும், அவனுக்குச் சுலபமாக வருகிற காரியம்தான். அவன் வண்டியைப் பார்த்தான். வாசலில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தான். சீட்டம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த டியூபைச் சுற்ற ஆரம்பித்தாள். என்ன சொல்லுவான் என்று அவளால் ஊகிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் ஊகிக்க முடியவில்லையே என்பது வருத்தமாக இருந்தது.

"வேர்வைங்க" என்றான்.

"என்னது?"

"சட்டையில இருக்கறது வேர்வை. கண்ணாடியில இருக்கறது என் மூச்சு. அடைச்சு வெச்சா என்ன ஆகும், இந்த வெயில்ல?" என்றவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தையல்ல ஒரு சொட்டு இல்ல. ஒவ்வொரு அங்குலமாத் தடவிப் பாத்துட்டேன். இவ தைச்சது ஒழுகாதுங்க. நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

டாக்டர் உள்ளே கைவிட்டுக் கூரையைத் தாமும் ஒருமுறை தடவிப் பார்த்தார், சீட்டம்மாவிடம் திரும்பி, "ஆறரை" என்றார். தம்பி விட்ட பெருமூச்சு தெருவுக்கே கேட்டிருக்கும். பேப்பர் எழுதவும் பணம் மாற்றவும் அவனும் டாக்டரும் முன்பக்கம் போனார்கள்.

பின்பக்கம் இருவரும்தான் இருந்தார்கள். மெக்கானிக் சட்டையைக் கழற்றிப் பிழிந்தான்.

"ஆறரையா?"

"ஆமா."

"உள்ள இருக்கும்போது நீ அஞ்சு விரலைக் காட்டின மாதிரி இருந்துச்சே."

"ஒழுகினா அஞ்சுன்னு சொல்லியிருந்தேன்."

அவன் பிழிவதை நிறுத்தினான். அஞ்சுக்கும் ஆறரைக்கும் நடுவில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று கணக்குப் போடுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படி எதுவும் இல்லை போலிருக்கிறது.

"அவ்வளவு நம்பிக்கையா உனக்கு?" என்றான்.

"தையல் மேல இருந்துச்சு. உங்க மேலதான் இல்ல."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டையைக் கொடியில் உதறிப் போட்டான். வெற்றுடம்போடு கொட்டகைக்குள் போய், சுவரோரம் ஒன்பது வருஷமாக அடுக்கியிருந்த டின்களையும் ஸ்பேனர் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினான். நாலைந்து நடை ஆன பிறகு வாசலில் வந்து நின்றான்.

"ரெண்டு மிஷினும் எந்தப் பக்கம் வெச்சா உனக்கு வெளிச்சம் வரும்?" என்று கேட்டான்.